கவிழ்த்து வைத்த டம்ளர்

ஹனீபா கடையிலிருந்து கொண்டுவந்த துணிப்பையில் மூன்றே பொருள்கள்தான் இருந்தன. ஒரு பிளாஸ்க், ஓர் எவர்சில்வர் டம்ளர், ஓர் இங்கிலீஷ் புத்தகம். அண்ணனின் கடைப் பலகையில் கிடந்தவை. கடையைப் பூட்டும்போது அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பையைச் சமையலறை மேடைமேல் வைத்துவிட்டு, எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

முன்னறையில் அண்ணன் முகமது இஸ்மாயிலைக் கிடத்தியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால், ஒண்டிக்கடை முக்கில் இருந்த தன் மளிகைக்கடையின் முக்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். நாற்பத்தாறு வயது. டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சாக இருக்கலாம் என்றார். வாயோரம் கொஞ்சம் நுரை இருந்ததால், உறுதியாக எதுவும் சொல்லவில்லை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று ஜமாத்தில் பேசி முடித்திருந்தார்கள்.

"ரெண்டு வாய் தண்ணியாச்சும் குடி சுபைதா. நிக்கக்கூட முடியாம ஆடறே" என்று இஸ்மாயிலின் அக்கா ரஹமத் பீவிதான் தம்பி மனைவியைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

சுபைதா தண்ணீரைத் தொடவில்லை. பையிலிருந்து டம்ளரை எடுத்தாள். அடியில் 'மு.இ.' என்று எழுத்து வெட்டிய டம்ளர், கல்யாணத்துக்கு வந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள்.

"தம்பி, இது எங்கெ இருந்துச்சு?"

"பலகை மேலதான் அண்ணி. கவுத்து வெச்சிருந்துச்சு. ஈரங்கூடக் காயல."

"இது அவங்க கழுவுனது இல்ல."

அவள் சொன்னது அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்தில் இஸ்மாயில் ஒரு டம்ளரைக் கழுவி அவள் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் அடியில் காப்பிக் கறை காய்ந்து பிடித்த டம்ளர்தான் வீட்டுக்கு வரும். அவள் திட்டிக்கொண்டே சுரண்டுவாள். இன்று அது பளபளவென்று இருந்தது. கையில் வைத்துப் பார்க்கவே அந்நியமாக இருந்தது.

ஹனீபாவின் முகம் மாறியது.

"அப்ப சரஸ்வதியக்கா சொன்னது நெசந்தான்" என்றான். "எதுத்தாப்பல பூக் கட்டிட்டு இருந்தாங்க. அண்ணன் சாயறதுக்குப் பத்து நிமிசம் முன்னாடி மாதேஸ்வரன் கடையை உட்டு எறங்கிப் போனானாம். துண்டுல கையைத் தொடச்சுக்கிட்டே போனானாம்."

மாதேஸ்வரன் பெயர் காதில் விழுந்ததும் ரஹமத் பீவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மாதேஸ்வரன் கொட்டச்சேடு மலைக்கிராமத்தில் கொஞ்சம் காப்பியும் சாமையும் வைத்திருந்த விவசாயி. அவன் தம்பி ஐயாக்கண்ணு காட்டில் மரம் வெட்டியதாக வழக்கு வந்தபோது, வண்டியில் கட்டை போனதைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் சொன்னவர் இஸ்மாயில். பார்த்ததைச் சொன்னார், வேறொன்றும் இல்லை. ஐயாக்கண்ணுவுக்கு ஆறு மாதம் போட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டத்தில் நின்று, ஊரே கேட்க மாதேஸ்வரன் சத்தியம் செய்தான்: "இந்தாளு கையால பச்சத்தண்ணி என் தொண்டையில எறங்குச்சுன்னா, நான் எங்கப்பனுக்குப் பொறக்கலை." இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"அவன் அங்க ஒண்ணும் குடிச்சிருக்க மாட்டான்" என்றான் ஹனீபா. "குடிச்சது அண்ணன். கலந்து குடுத்துட்டு, டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போயிருக்கறான்."

சுபைதா வாயைத் திறப்பதற்குள் அவன் வெளியே போய்விட்டான். செருப்புகூடப் போடவில்லை.

*

அந்த வீட்டில் ஊருக்குத் தெரியாத ஒரு பழக்கம் இருந்தது. எஸ்டேட் துரை ஒருவர் பங்களாவைக் காலி செய்துகொண்டு போனபோது, பொட்டலம் மடிக்க ஆகுமென்று இஸ்மாயில் இரண்டு பெட்டிப் பழைய காகிதத்தை எடைக்கு வாங்கினார். ஒரு பெட்டி முழுக்கக் கதைப் புத்தகம். எல்லாம் ஒரே ஆங்கிலேய அம்மாள் எழுதிய துப்பறியும் கதைகள். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தாளைக்கூடக் கிழிக்கவில்லை.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடை அடைப்பு. அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வார். சுபைதா பூண்டு உரித்தபடி கேட்பாள். புதுப் புத்தகம் தொடங்கும் அன்றே, சாக்கு தைக்கும் கோணி ஊசியால் கடைசி அத்தியாயத்தைச் சேர்த்துத் தைத்துவிடுவார். "உன்னைய நம்பாம இல்ல. என்னையத்தான் நம்பாம" என்பார். தையல் வரைக்கும் வந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு கொலைகாரனைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் நூலை அறுப்பது. பதினேழு புத்தகத்தில் பதினான்கு முறை சுபைதா சொன்னதுதான் சரியாக இருந்தது.

"எப்படித்தான் கண்டுபிடிக்கறயோ. நீ போலீசுக்குப் போயிருந்தா இந்த மலையில ஒருத்தனும் கோழி திருட முடியாது."

"எந்தச் சாமான் எடம் மாறியிருக்குதுன்னு பாக்கறேனுங்க. ஊடு கூட்டறவளுக்கு அது தெரியாதா?"

அந்தக் கதைகளில் கழுவிய கோப்பை என்றால் ஒரே அர்த்தம்தான். டம்ளரைக் கையில் எடுத்த நிமிஷம் அவள் புத்தியும் அந்த வழியில்தான் ஓடியது. ஆனால் கதையில் பிணத்தை ஒரு பக்கத்தில் அறுத்துப் பார்த்து முடித்துவிடுவார்கள். யாரும் அழுவதுகூட இல்லை. இங்கே அறுப்பதென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போக வேண்டும். நாளைக்கோ மறுநாளோ துணியில் சுற்றித் தருவார்கள். வேண்டாமென்றால் நாலு மணிக்கு மண்ணுக்குள் போய்விடும், உண்மையும் சேர்ந்தே போய்விடும்.

பதினொன்றரைக்குத் தெருவில் சத்தம் கேட்டது. கொட்டச்சேட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த மாதேஸ்வரனை ஹனீபாவும் இன்னும் நாலு பேரும் இறக்கி, வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். சட்டைப் பித்தான் இரண்டு அறுந்து தொங்க, அவன் மழைத் தூறலில் நின்றான். ஜீப்பில் கூட வந்தவர்களும் இறங்கி வந்து எதிர்ப்பக்கம் நின்றார்கள். அதில் ஐயாக்கண்ணுவின் பெண்டாட்டி கண்ணம்மாளும் இருந்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. கடையில அவருகூட என்ன குடிச்சே?" ஏட்டு அங்கப்பனின் குரல். அவரையும் யாரோ கூட்டிவந்திருந்தார்கள்.

"ஒண்ணும் குடிக்கலீங்க."

"காப்பி?"

"தண்ணிகூடத் தொடலீங்க ஏட்டய்யா."

"அவன் எதுக்குங்க அங்க குடிக்கறான்?" என்றாள் கண்ணம்மாள். "எம் புருசன் களி தின்னுட்டுக் கெடக்கறான். இவன் போயி அந்தக் கடையில காப்பி குடிப்பானா?"

"அப்பறம் எதுக்குக் கடைக்குப் போனான்? கொஞ்சிக்கிட்டு வரவா?" என்றான் ஹனீபா.

"அண்ணி எழுதிக் குடுத்தா போதும்" என்று வேறொரு குரல் சொன்னது. "சந்தேகம்னு ஒரு வரி. மிச்சத்தை ஸ்டேசன்ல பாத்துக்கலாம்."

அந்த ஒரு வரிக்குத் தன்னுடைய ஒரு வார்த்தைதான் விதை என்று சுபைதாவுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாக ஒருவர் கடையில் மற்றவர் சாமான் வாங்கி, ஒருவர் தோட்டத்துக் கொய்யாவை மற்றவர் தின்ற ஊர்.

ரஹமத் பீவி வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து மேடைமேல் வைத்தாள். "உனக்குத் தோணறதைச் செய்யி கண்ணு. அறுக்கத்தான் வேணும்னா அறுக்கட்டும். எந் தம்பியைக் கொன்னவன் சும்மா போகக்கூடாது."

சுபைதா பேனாவை எடுத்தாள். கைக்கு இடம் வேண்டியிருந்தது, பிளாஸ்க்கை நகர்த்தினாள். மூடிக்குள் ஏதோ தளும்பியது; ஹனீபா அவசரத்தில் அதைக் கொட்டாமலே திருகியிருந்தான்.

பேனாவை வைத்துவிட்டு, பிளாஸ்க்கைத் தலைகீழாகப் பிடித்து மூடியை மெதுவாகக் கழற்றினாள். மூடிக்குள் ஒரு வாய்க் காப்பி இருந்தது.

அந்த மூடியிலேயே ஊற்றிக் குடிக்கலாம், கோப்பை மாதிரி. ஆனால் இஸ்மாயில் அதில் குடித்ததே கிடையாது. பிளாஸ்டிக் நாறுது, உதட்டைச் சுடுது என்பார். அதற்காகத்தான் டம்ளரே கடைக்குப் போனது. யார் குடித்தது இதில்? மாதேஸ்வரனா? மாட்டேன் என்று சத்தியம் செய்தவனுக்கு மூடியில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, இவர் டம்ளரில் குடித்தாரா? அப்படியென்றால் ஹனீபா சொல்வதுதான் சரி.

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூடியைச் சாய்த்தாள். காப்பி ஒதுங்கியது. அடியில் ஒரு கிராம்பு கிடந்தது. முழுக் கிராம்பு அல்ல. மென்று, தட்டையாகி, ஓரம் பிரிந்தது.

இரண்டு நாளாக அவருக்குப் பல்வலி. தாடை முழுக்க வலிக்கிறது என்றார். இன்று காலையில் சட்டைப் பையில் நாலு கிராம்பு போட்டு அனுப்பியவள் அவள்தான். "கடவாய்ல வெச்சுக் கடிச்சுக்கங்க" என்று சொல்லியிருந்தாள்.

மூடியில் குடித்தவர் இஸ்மாயில். அப்படியென்றால் டம்ளர் இன்னொருவர் கையில் இருந்தது. அதைக் கொடுத்தவரும் இவர்தான். வந்தவருக்கு நல்ல பாத்திரம், தனக்கு மூடி. கொட்டச்சேட்டுக்காரர்கள் எந்த வீட்டில் எதைக் குடித்தாலும், தாங்களே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். காப்பி பறிக்க வரும் பெண்கள், பலா கொண்டுவருகிறவர்கள் என்று எத்தனை பேர் இந்த வீட்டுப் பின்வாசலில் அப்படிச் செய்திருக்கிறார்கள். தினமும் பார்ப்பதாலேயே இன்று அவளுக்கு நினைவில் வரவில்லை.

விஷம் வைத்தவன் மூடியைத்தான் கழுவியிருப்பான். டம்ளரை ஏன் கழுவப் போகிறான்?

அப்படியானால் அவன் எதற்குப் பொய் சொல்கிறான்? ஜன்னல் வழியாகக் கண்ணம்மாள் நிற்பதைப் பார்த்தாள். அதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

*

நடைக் கதவில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் வந்து நின்று, மூடியைப் பிடித்த கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"ஏட்டய்யா, இதைப் பாருங்க. நாங் குடுத்தனுப்புன கிராம்பு. அவங்க வாயில இருந்தது."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். வரிசை தவறவில்லை.

அங்கப்பன் மூடியை வாங்கி மோந்து பார்த்தார். "நீங்க சொல்றது வெளங்குதும்மா. ஆனா நான் ஏட்டு, டாக்டர் இல்ல. இந்தாளு குடிக்கவே இல்லீங்கறான். பொய் சொல்றவனை நான் எப்படி உடறது?"

"பொய் சொன்னவங்க எல்லாம் கொன்னவங்க ஆயிருவாங்களா?"

ஹனீபா குறுக்கே வந்தான். "அண்ணி, டம்ளர்ல அவன் குடிச்சான்னே வெச்சுக்குவோம். இந்த மூடியிலயே கலந்திருந்தா? அண்ணன் அந்தாண்ட திரும்பறப்ப ஒரு சிட்டிகை போட எவ்வளவு நேரமாகும்? கழுவறதுக்குள்ள ஆள் வந்திருக்கும், ஓடிட்டான்."

கூட்டம் மறுபடியும் முணுமுணுத்தது. அவன் சொன்னதும் நடக்கக் கூடியதுதான். சுபைதா போர்வையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். கதையாக இருந்தால், இந்த இடத்தில்தான் அவர் புத்தகத்தை மடித்து வைத்து, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்.

"மூடியைக் குடுங்க" என்றாள்.

அங்கப்பன் கொடுத்தார். போர்வைக்குள் போன மூடி காலியாகத்தான் திரும்பி வந்தது. அந்த ஒரு வாய்க் காப்பியைக் கிராம்போடு விழுங்கியிருந்தாள்.

ரஹமத் பீவி அலறிக்கொண்டு வந்து அவள் தாடையைப் பிடித்தாள். "துப்புடி. துப்புடி பாவி." ஹனீபா அண்ணி அண்ணி என்றபடி போர்வைக்கு வெளியே தவித்தான். சுபைதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஆறிப்போன, சர்க்கரை இல்லாத காப்பி. அவருக்குச் சர்க்கரை ஆகாது. அதற்குள் கிராம்பின் காரம்.

தெருவில் மாதேஸ்வரனின் குரல் கேட்டது.

"நாங் குடிச்சேனுங்க."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கண்ணம்மாளைப் பார்க்கவில்லை. ஈரத் தரையையே பார்த்துப் பேசினான்.

"மழைக்கு அந்தக் கடையோரம் ஒதுங்குனேன். உள்ள வந்து உக்காருங்கன்னாரு. போகக்கூடாதுன்னுதான் நின்னேன். 'வெளிய நின்னா உங்க சத்தியம் நனையாதா'ன்னு சிரிச்சாரு. அவரு டம்ளரையே குடுத்தாருங்க. சக்கரை இல்லைன்னு வெல்லக் கட்டியில ஒரு துண்டு ஒடச்சுக் கையில வெச்சாரு, கடிச்சுக்கிட்டுக் குடிக்கச் சொல்லி. குடிச்சுட்டுக் கழுவி வெச்சேன். எறங்கி வாரப்ப நல்லாத்தானுங்க இருந்தாரு. தாடையை மட்டும் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு." கொஞ்சம் நின்று, "அந்தம்மிணிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஏட்டய்யா, டாக்டரைக் கூப்பிடுங்க. எதுக்கும் கூப்பிடுங்க" என்றான்.

கண்ணம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள்.

டாக்டர் வந்து சுபைதாவின் நாடியைப் பிடித்தார், கண்ணைப் பார்த்தார். பத்து நிமிஷம், கால் மணி, அரைமணி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரஹமத் பீவி அவள் கையை விடவே இல்லை. டாக்டர் கிராம்பைப் பற்றிக் கேட்டார்.

"தாடை வலி எத்தன நாளா?"

"முந்தாநாள்ல இருந்துங்க. கடவாப் பல்லுன்னு நெனச்சேன்."

"இடது கை வலிக்குதுன்னு சொன்னாரா?"

"சொன்னாங்க. அரிசி மூட்டை நவுத்துனதுன்னாங்க."

டாக்டர் அவள் கையை விட்டார். "பல் இல்லம்மா அது. நெஞ்சு அப்படியும் காட்டும். காலையில இதைக் கேட்டிருந்தா அப்பவே உறுதியாச் சொல்லியிருப்பேன். நானும் கேக்கலை" என்றார். வெளியே போய் அங்கப்பனிடம் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் சுபைதா அழுதாள். டம்ளரைப் பார்த்த மறுநிமிஷமே இடம் மாறியதைக் கண்டுபிடித்தவளுக்கு, இரண்டு நாளாகத் தன் பக்கத்திலேயே தாடையைப் பிடித்தபடி படுத்திருந்த மனிதரிடம் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

அஸர் தொழுகை முடிந்து, உடலைச் சுமக்கும் சந்தூக்கு கிளம்பியபோது தூறல் நின்றிருந்தது. மேட்டில் ஏறும் இடத்தில் ஹனீபா நின்று, பின்னால் தனியாக வந்துகொண்டிருந்த மாதேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தான். சற்று நகர்ந்து தோள் வைக்க இடம் விட்டான். இதை ரஹமத் பீவியிடம் யாரோ சொல்லி, அவள் வந்து சுபைதாவிடம் சொன்னாள்.

*

கைம்பெண் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து சுபைதா கடையைத் திறந்தாள். ஹனீபா மூட்டை இறக்கிக் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குப் போவான். மற்றதை அவளே பார்த்துக்கொண்டாள்.

மார்கழி தொடங்கிய சமயம் மாதேஸ்வரன் வந்தான். படியில் நின்று, "உப்பு ரெண்டு படி வேணுங்க அம்மிணி" என்றான்.

"உள்ள வாங்க. குளிருது."

பிளாஸ்க்கிலிருந்து காப்பியை 'மு.இ.' டம்ளரில் ஊற்றி, வெல்லத் துண்டு ஒன்றையும் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முக்காலி நுனியில் உட்கார்ந்தான். "உங்க தம்பி வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். வந்துவிட்டான் என்றான். கண்ணம்மாள் இன்னும் தன்னோடு பேசுவதில்லை என்றான்.

ஒன்றைக் கேட்க அவள் இத்தனை நாளும் காத்திருந்தாள். பலகைக்கு அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். அன்று பையில் வந்ததுதான். கடைசி அத்தியாயத் தையலின் நூல் அறுந்திருந்தது.

"இந்த நூலை அறுத்தது யாருங்க? நான் இல்லாம அவங்க ஒருநாளும் அறுக்க மாட்டாங்க."

மாதேஸ்வரன் புத்தகத்தைப் பார்த்ததும் முதல் முறையாகச் சிரித்தான்.

"அவருதானுங்க. மழை உடற வரைக்கும் கதை சொன்னாரு. பெரிய பங்களா, ஏழெட்டுப் பேரு, ஒருத்தரு செத்துக் கெடக்கறாரு. யாரு பண்ணியிருப்பான்னு கேட்டாரு. நான் தோட்டக்காரன்னேன். 'பாவம், எல்லாரும் அவனைத்தான் சொல்லுவாங்க. எங்க ஊட்டுல நேத்தே வேற ஆளைச் சொல்லிட்டாங்க, யாரு செயிக்கறீங்கன்னு பாத்துரலாமுங்க'ன்னு, பொட்டலம் கட்டற கத்திய எடுத்து அறுத்துட்டாருங்க."

சுபைதா பலகையைப் பிடித்துக்கொண்டாள். "படிச்சாங்களா?"

"கடேசிப் பக்கத்தைப் படிச்சாரு. தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாருங்க. எங்க ஊட்டுல சொன்னதேதான்னாரு. பதினஞ்சாவது தடவைன்னாரு. சாயங்காலம் போறதுக்குள்ள இதைத் திரும்பத் தெச்சு வெக்கோணும், இல்லைன்னா மாட்டிக்குவேன்னு கோணி ஊசியைத் தேடிட்டு இருந்தாருங்க. நான் எறங்கறப்பவும் தேடிட்டுத்தான் இருந்தாரு."

அவள் அறுந்த நூலை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். வெளியே கொட்டச்சேட்டு ஜீப் ஹாரன் அடித்தது.

மாதேஸ்வரன் உப்பைத் துண்டில் முடிந்துகொண்டு, காலி டம்ளரோடு வாசல் வாளியை நோக்கிப் போனான்.

"கழுவாதீங்க" என்றாள் சுபைதா. "அப்படியே வெச்சுட்டுப் போங்க."

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு திரும்பி வந்து, டம்ளரைப் பலகைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கினான்.